கடல் கடந்து கொடுத்த மென்பொருள் வேலை: ஒப்பந்தம் மட்டும் போதாதா?

11 பிப்ரவரி 2024, இழையைத் தொடங்கியவரின் கேள்வி

எங்கள் கிடங்கு நிர்வாகத்துக்கான மென்பொருளை வேறொரு நாட்டு நிறுவனத்திடம் மொத்தத் தொகை பேசி ஒப்படைத்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இரண்டு கட்டங்கள் வந்துவிட்டன. வாரந்தோறும் வரும் ஸ்டேட்டஸ் அறிக்கையில் எல்லா வரிகளும் "சிக்கலில்லை" என்று பொருள்படும் பச்சை நிறத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்டாலும் "முதலில் பரஸ்பர நம்பிக்கையை வளருங்கள்" என்கிறார்கள். நம்பிக்கை என்பது விற்பவர்கள் பயன்படுத்தும் சொல் என்பது என் கருத்து. ஒப்பந்தத்தை ஓட்டையில்லாமல் எழுதி, தாமதத்துக்கு அபராதம் வைத்துவிட்டால் போதும். மறுப்பவர்கள் காரணத்துடன் மறுக்கவும்.

12 பிப்ரவரி 2024, காலை, மறுப்பவரின் பதில் (கீழே வரும் குறிப்புகள் அனைத்தும் இவருடையவை)

காரணத்துடனேயே மறுக்கிறேன். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் பக்கத்தில் பன்னிரண்டு ஆண்டுகளும், அப்படிச் செய்விக்கும் பக்கத்தில் ஆறு ஆண்டுகளும் கழித்திருக்கிறேன். எந்தப் பக்கத்தில் இருந்தபோதும், ஒப்பந்தத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்த நாள், திட்டம் ஏற்கெனவே செத்துப்போயிருந்த நாளாகத்தான் இருந்தது.

ஓட்டையில்லாத ஒப்பந்தம் எழுத முடியும் என்று நினைப்பதில்தான் முதல் பிழை. 2016-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு, ஒப்பந்தக் கோட்பாட்டுக்காக ஆலிவர் ஹார்ட்டுக்கும் பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ரோமுக்கும் வழங்கப்பட்டது. வரக்கூடிய எல்லா நிலைமைகளையும் முன்கூட்டியே எழுதிவைக்க எவராலும் முடியாது, ஆகவே எழுதப்படாத நிலைமை வரும்போது முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்பது ஹார்ட்டின் வாதம். மென்பொருளில் எழுதப்படாத நிலைமை தினமும் வரும். "சரக்குப் பட்டியலைப் பதிவிறக்கும் வசதி" என்று ஒரே வரியில் எழுதியிருப்பீர்கள். எத்தனை ஆயிரம் வரிசைகள் வரை, எந்தக் கோப்பு வடிவில், நீக்கப்பட்ட சரக்குகளும் அதில் வர வேண்டுமா, பாதியில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம், உங்களைக் கேட்காமலேயே எங்கோ ஒரு நிரலாளர் ஒரு மாலை நேரத்தில் பதில் முடிவு செய்கிறார். அந்த மாலையில் அவர் உங்கள் நலனை நினைப்பாரா, சீக்கிரம் முடிவதை நினைப்பாரா என்பதை எந்த ஷரத்தும் கட்டுப்படுத்தாது.

தாமத அபராதம் வைத்தால் அந்தத் தேதியில் ஏதோ ஒன்று கட்டாயம் வந்துசேரும். அதை எப்படிச் சாதித்தோம் என்பது எனக்குத் தெரியும். சோதனைக்கு ஒதுக்கிய மூன்று வாரம் முதலில் இரண்டாகும், பிறகு நான்கு நாளாகும், கடைசியில் "வாடிக்கையாளர் சோதிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றாகும். தேதி காப்பாற்றப்படும், அபராதமும் தப்பும், பிழைகள் மட்டும் உங்களிடம் வந்து இறங்கும்.

12 பிப்ரவரி 2024, இரவு

மென்பொருளைச் சிறுசிறு பகுதிகளாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் முறையின் கொள்கை விளக்கமான அஜைல் அறிக்கையைச் சுட்டிக்காட்டி, ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளருடனான ஒத்துழைப்பே மேல் என்று அவர்களே சொல்லிவிட்டார்களே என ஒருவர் எழுதியிருக்கிறார். 2001 பிப்ரவரியில் அதை எழுதிய பதினேழு பேரும், ஒப்பந்தம் போன்று பின்னுக்குத் தள்ளிய பொருள்களுக்கும் மதிப்பு உண்டு என்று அதே தாளில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒப்பந்தம் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. நிரலின் உரிமை யாருக்கு, பாதியில் பிரிந்தால் யார் எதை ஒப்படைக்க வேண்டும், தகராறு எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகும் என்பவை எழுத்தில் இல்லாமல் ஒரு வரி நிரல்கூட எழுதத் தொடங்கக் கூடாது.

13 பிப்ரவரி 2024

மேலே "நீதிமன்றம்" என்று எழுதியது தவறு. சட்டம் படித்த ஒருவர் திருத்தியிருக்கிறார். ஒரு நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றுவது பெரும்பாடு. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவரின் தீர்ப்பாக இருந்தால், 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதை நிறைவேற்றக் கோரலாம். ஆகவே நடுவர் மன்றம் என்று திருத்திப் படிக்கவும். ஆனால் நடுவர் வரை போவதற்கு ஆகும் செலவே, உங்களைப் போன்ற சிறு நிறுவனம் கொடுத்த வேலையின் மொத்த மதிப்பை எளிதாக விழுங்கிவிடும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். எதிர்த்தரப்புக்கும் இது தெரியும்.

15 பிப்ரவரி 2024

நம்பிக்கைக்குப் பதிலாகக் கண்காணிப்பை வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்.

நாங்கள் வேலை செய்துகொடுத்த ஒரு நிறுவனம், மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தும் ஏற்பாட்டில் எங்கள் குழுவில் ஒன்பது பேரை அமர்த்தியிருந்தது. நான் அந்தக் குழுவின் தலைவன். நான்கு மாதங்கள் சுமுகமாகச் சென்றன. ஐந்தாம் மாதத் தொடக்கத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம்பிடித்து அவர்களுக்கு அனுப்பும் மென்பொருளை ஒன்பது பேருடைய கணினியிலும் நிறுவ வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

நிறுவினோம். முதல் வாரத்தில், காகிதத்தில் படம் போட்டு யோசிக்கும் பழக்கம் நின்றது, ஏனென்றால் யோசிக்கும் மனிதரின் திரை அசையாது. இரண்டாம் வாரத்தில், திரை அசைய வேண்டும் என்பதற்காகவே எழுதிய நிரலை அழித்து மறுபடி தட்டச்சு செய்த ஒருவரைப் பார்த்தேன். இவற்றைக்கூடச் சிரித்துக் கடந்துவிடலாம். எங்கள் குழுவில் ஒரு பெண் நிரலாளர் இருந்தார். தேவை ஆவணத்தில் முரண்பாடு கண்டால் வாடிக்கையாளருக்கு நேரடியாக எழுதிக் கேட்டுவிடுவார். வாரத்துக்கு ஏழெட்டுக் கேள்விகளாவது போகும். அந்த மாதம் முழுவதும் அவர் அனுப்பியது ஒரே ஒரு கேள்வி. ஏன் என்று விசாரித்தபோது, "கேட்டால் தெரியாதவள் என்று பதிவாகும், சொன்னதை அப்படியே செய்துவிட்டால் பதிவு சுத்தமாக இருக்கும்" என்றார். முரண்பாடுகள் அப்படியே நிரலாக மாறின. எட்டாம் மாதத்தில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த வாடிக்கையாளரின் சந்தேகமே திட்டத்தைக் கொன்றது என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

17 பிப்ரவரி 2024

உங்கள் ஒப்பந்ததாரரிடம் எல்லாச் சான்றிதழ்களும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். சான்றிதழ்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். மென்பொருள் ஒப்பந்ததாரர்களை எடைபோட ஒரு வழி வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விரும்பியதால்தான், கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் சி.எம்.எம். எனும் முதிர்ச்சி மாதிரியை உருவாக்கியது. அதன் முதல் பதிப்பு 1991-இல் வந்தது, ஐந்து நிலைகள் கொண்டது. முன்பின் தெரியாதவரிடம் வேலை கொடுக்கும் அச்சத்திலிருந்து பிறந்த அளவுகோல் அது. ஆனால் அது அளப்பது நிறுவனத்தின் நடைமுறைகளை. உங்கள் வேலைக்கு வரும் ஆட்கள் அந்த நடைமுறைகளைக் கண்ணால் கண்டவர்களா என்பதை அது அளப்பதில்லை.

ஆகவே சான்றிதழின் முதல் பக்கத்தை விட்டுவிட்டு உள்ளே படியுங்கள். தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழ் என்றால், அது எந்த அலுவலகத்துக்கு, எந்தச் சேவைக்கு வழங்கப்பட்டது என்று எல்லை குறிப்பிடப்பட்டிருக்கும். உங்கள் வேலை நடக்கும் கட்டடம் அந்த எல்லைக்குள் இல்லாமலும் இருக்கலாம். தரவைப் பாதுகாக்கும் கட்டுப்பாடுகள் பற்றிய எஸ்.ஓ.சி. 2 தணிக்கை அறிக்கை என்றால் முதல் வகையா, இரண்டாம் வகையா என்று பாருங்கள். முதல் வகை, ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டுப்பாடுகள் சரியாக வடிவமைக்கப்பட்டிருந்தனவா என்று மட்டும் சொல்லும். இரண்டாம் வகை, பல மாத காலம் அவை உண்மையில் இயங்கினவா என்று சோதித்துச் சொல்லும்.

சான்றிதழை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு சத்யம் என்ற இந்திய மென்பொருள் நிறுவனத்தைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 2008-இல் நல்ல நிர்வாகத்துக்காக கோல்டன் பீகாக் விருது பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்குகள் ஆண்டுக்கணக்கில் ஊதிக்காட்டப்பட்டவை என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். தணிக்கையாளரின் கையெழுத்தும் அந்தக் கணக்குகளின் மேல் இருந்தது. ஆனாலும் நிறுவனம் ஒரே வாரத்தில் கரைந்துவிடவில்லை. ஏப்ரலில் டெக் மஹிந்திரா அதை வாங்கியபோது, வாங்குவதற்கு அங்கே இயங்கும் குழுக்களும் வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். தலைமையின் சொல் பொய்த்த பிறகும், அன்றாடம் தொலைபேசியில் பேசிப் பழகிய குழுவின் சொல் பலருக்குச் செல்லுபடியாகியிருக்கிறது என்று நான் அதைப் படிக்கிறேன்.

19 பிப்ரவரி 2024

ஏழு மாதமாகப் பச்சையாகவே இருப்பது செடியாக இருக்கலாம். மென்பொருளாக இருக்க முடியாது.

26 பிப்ரவரி 2024

"கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஆம் என்கிறார்கள், பிறகு வேறொன்றைச் செய்து அனுப்புகிறார்கள்" என்ற புகாரை இன்னொருவர் எழுப்பியிருக்கிறார். நான் ஆம் சொல்லும் பக்கத்தில் இருந்தவன். என் "ஆம்" பலமுறை "காதில் விழுந்தது" என்ற பொருளில்தான் வந்தது. சில முறை "இதை இத்தனை பேர் முன்னால் மறுக்க நான் அதிகாரம் பெற்றவன் அல்லன்" என்றும் அதற்குப் பொருள். அந்தக் கூட்டத்தில் எங்கள் மேலாளரும் இருந்தார் என்பதை வாடிக்கையாளர் கணக்கில் எடுத்ததே இல்லை. இதற்குப் பண்பாட்டு வேறுபாடு என்று பெயர் சூட்டி எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள். மேலதிகாரியின் முன்னால் அவர் ஒப்புக்கொண்ட தேதியை முடியாது என்று சொல்வது எந்த நாட்டிலும் கடினமே. "புரிந்ததா?" என்ற கேள்வியை நான் இப்போது கேட்பதே இல்லை. "நீங்கள் விளங்கிக்கொண்டதை உங்கள் சொற்களில் அரைப் பக்கம் எழுதி நாளை அனுப்புங்கள்" என்கிறேன். வருகிற அரைப் பக்கத்தில் பாதி நேரம் தவறு இருக்கும். அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை நான் தெளிவில்லாமல் சொன்னவை.

நடுவில் கடலே இல்லாவிட்டாலும் இது நடக்கும். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கிய வேளையில் தொலைந்தது. லாக்ஹீட் மார்ட்டின் தந்த தரைநிலைய மென்பொருள், உந்துகணக்கைப் பவுண்டு-விசை விநாடியில் கொடுத்தது. பெற்றுக்கொண்ட நாசா தரப்பு அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. இரு தரப்பும் ஒரே நாட்டில் ஒரே மொழி பேசியவை. மெட்ரிக் அலகு வேண்டும் என்று ஆவணத்திலும் எழுதியிருந்தது, அதாவது இழையைத் தொடங்கியவர் கேட்கும் ஓட்டையில்லாத ஷரத்து அங்கே இருந்தது. பயணத்தின் நடுவிலேயே கணக்கு இடிக்கிறது என்று கவனித்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய ஐயம் முறையான பதிவாகி உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

3 மார்ச் 2024

பிப்ரவரி 15 குறிப்பைத் திருத்த வேண்டும். இரண்டு வாரமாக அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. எழுதியதில் பொய் எதுவும் இல்லை, எழுதாமல் விட்டது இருக்கிறது.

அந்த நிறுவனம் எங்கள் ஒன்பது பேரையும் பொத்தாம்பொதுவாக அமர்த்தவில்லை. ஒவ்வொருவருடைய ரெஸ்யூமேயையும் படித்து, காணொளியில் நேர்காணல் நடத்தித் தேர்ந்தெடுத்தது. எங்கள் ஒன்பது பேரில் மூத்தவர் ஒருவர், தரவுத்தள வடிவமைப்பில் கெட்டிக்காரர். முதன்மையாக அவருக்காகவே எங்களுக்கு அந்த வேலை கிடைத்தது. இரண்டாம் மாத இறுதியில், வேறொரு பெரிய வாடிக்கையாளருக்காக அவரை எங்கள் நிர்வாகம் எடுத்துக்கொண்டது. அவருடைய இடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஓர் இளைஞர் வந்தார். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று காட்டும் டைம்ஷீட்டில் பெயர் மாறவில்லை, மூத்தவரின் மணிக்கட்டணமும் மாறவில்லை. கூட்டங்களில் மூத்தவர் "கேமரா பழுது" என்ற பெயரில் குரலாக மட்டும் வாரம் ஒருமுறை வந்துபோனார். டைம்ஷீட்டில் வாரந்தோறும் கையெழுத்திட்டது நான்.

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் நன்றாக நினைவிருக்கின்றன. இளைஞர் திறமைசாலி. மூத்தவர் மாலையில் அவருடைய வேலையைப் பார்வையிடுகிறார். இதை எல்லா நிறுவனங்களும் செய்கின்றன. மூன்றும் ஓரளவுக்கு உண்மை. மூன்றாவதுதான் மோசமானது. 1970-இல் ஜார்ஜ் அகர்லோஃப் பழைய கார்களின் சந்தையை வைத்து விளக்கியது இதைத்தான்: நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, அவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலையே கொடுப்பார், அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்லதை விற்பவர் சந்தையை விட்டு விலகுவார். எல்லாரும் ஆள் மாற்றுகிறார்கள் என்றால், மாற்றாத நிறுவனத்தின் உயர்ந்த கட்டணத்தை யார் நம்பிக் கொடுப்பார்கள்?

இப்போது யோசித்தால், ஐந்தாம் மாதத்தில் வந்த கண்காணிப்பு மென்பொருள் வானத்திலிருந்து குதித்திருக்காது. தரவுத்தளத்தில் நாங்கள் எடுத்த இரண்டு தவறான முடிவுகளைப் பார்த்து, அவர்கள் எதையோ மோப்பம் பிடித்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் சந்தேகமே திட்டத்தைக் கொன்றது என்று எழுதினேன் அல்லவா, அந்தச் சந்தேகத்தை நாங்கள் விதைத்தோம் என்று சேர்த்துக்கொள்ளவும். அந்தப் பெண் நிரலாளரின் கேள்விகளைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. அவருக்கு இந்த ஆள்மாற்றத்தில் எந்தப் பங்கும் இல்லை, ஆனால் விலையைக் கொடுத்தவர் அவர்.

4 மார்ச் 2024

அது மோசடி என்றும், நாகரிகமான சொல் தேடாமல் அப்படியே எழுதியிருக்கலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். சரி, அது மோசடிதான்.

12 மார்ச் 2024

சிறு செய்தி. நேற்றைய கூட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ஒரு மணி நேரம் தவறி வந்தார்கள். வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் 10 அன்று கடிகாரத்தை முன்னே நகர்த்திவிட்டார்கள், ஐரோப்பாவில் மார்ச் 31 அன்றுதான் நகர்த்துவார்கள், ஒப்பந்ததாரர் இருக்கும் நாட்டில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. மூன்று வாரம் மூன்று கணக்கு. ஆண்டுதோறும் நடக்கிறது, ஆண்டுதோறும் யாரோ ஒருவர் "அவர்கள் நேரத்தை மதிப்பதில்லை" என்று ஒருநாள் முழுவதும் முணுமுணுக்கிறார். கூட்ட அழைப்பில் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

16 மார்ச் 2024

"பழங்கதை போதும், இப்போது வேலை கொடுக்கும் பக்கத்திலிருந்து என்ன செய்கிறீர்கள்?" என்று இழையைத் தொடங்கியவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

முதலில், பெரிய வேலையைக் கொடுப்பதற்கு முன் மூன்று வாரத்தில் முடியக்கூடிய, எங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு சிறு வேலையை முழுக் கட்டணத்துடன் கொடுக்கிறோம். இலவச மாதிரி கேட்டால் தங்களுடைய சிறந்த ஆளை மூன்று வாரம் மேடையேற்றுவார்கள், அதனால் எதுவும் தெரியவராது. கட்டணத்துடன் கொடுக்கும் வேலையிலும் மேடையேற்றலாம். ஆகவே விளைந்த பொருளை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை, நடுவில் ஒரு தேவையை வேண்டுமென்றே தெளிவில்லாமல் விட்டு, கேள்வி வருகிறதா என்று பார்ப்பேன். (இது தந்திரம் இல்லையா என்று கேட்பீர்கள். தந்திரம்தான். வேலை முடிந்ததும் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.)

அடுத்து, ஹார்ட் சொன்ன உரிமைக்கு வருகிறேன். நிரல் இருக்கும் களஞ்சியம் முதல் நாளிலிருந்து எங்கள் கணக்கில் இருக்கும், ஒப்பந்ததாரர் அதில் அழைக்கப்பட்டவராக வருவார். கிளவுட் கணக்கு, டொமைன் பெயர், ஆப் ஸ்டோர் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே முறைதான். நாளை மனம் கசந்து பிரிய நேர்ந்தால் எதையும் கெஞ்சிப் பெற வேண்டியிருக்காது, அவர்களும் எதையும் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது. பிணை இல்லாத இடத்தில் பேச்சு நிதானமாக நடக்கிறது. திரையைப் படம்பிடிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே மனிதர் கண்காணிக்கப்படுகிறார். இங்கே பொருள் மட்டும் திறந்து கிடக்கிறது. நான் பார்க்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் நான் பார்ப்பதில்லை என்பதும் தெரியும்.

மூன்றாவதை எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது எங்களைப் பற்றியது. ஒப்பந்ததாரர் கேட்ட கேள்விக்கு நாங்கள் பதில் சொல்ல எத்தனை நாள் எடுத்தோம் என்று ஒருமுறை கணக்கெடுத்தேன். எங்கள் தாமதத்துக்காக அவர்கள் காத்திருந்த நாட்கள், அவர்கள் தாமதித்த நாட்களைவிட அதிகம். கடல் தாண்டிய வேலையில் இது இரட்டிப்பாகும், ஏனென்றால் என்னுடைய மாலைப் பதில் அவர்கள் உறங்கும்போது போய்ச்சேர்கிறது, அதில் ஒரு சொல் தெளிவில்லை என்றால் இன்னொரு நாள் போகிறது. நான் ஒப்பந்ததாரர் பக்கம் இருந்தபோது இதைப் பற்றித்தான் தினமும் புலம்பினேன். பக்கம் மாறிய ஆறே மாதத்தில் நானும் அதையே செய்தேன்.

கடைசியாக, முதல் கெட்ட செய்தி வரும் நாள். இப்போதைய ஒப்பந்ததாரர், பழைய தரவை மாற்றும் வேலையைப் பாதியாகக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று ஐந்தாம் வாரத்தில் எழுதினார். எங்கள் நிதித்துறை உடனே அபராத ஷரத்தைத் தேடியது. நான் அதைத் தடுத்து, தேதியை நகர்த்தி, கூடுதல் செலவில் பாதியை எங்கள் நிறுவனம் ஏற்கச் செய்தேன். அதன் பிறகு வந்த சிக்கல்களை அவர் இரண்டு மூன்று நாட்களுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார். இதைப் பெருமையாகச் சொல்ல வந்தேன், எழுதும்போதே ஐயம் வருகிறது. ஷரத்தைப் பயன்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அறியேன். ஒருவேளை அவர் எப்படியும் சொல்லக்கூடியவராகவே இருந்திருக்கலாம்.

2 ஏப்ரல் 2024

மூன்று பேர் எனக்கு ஒரே செய்தியை அனுப்பி, "இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். எக்ஸ்இசட் விவகாரம்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லினக்ஸ் இயங்குதளங்கள் எங்கும் பயன்படும், கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளில், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளக்கதவு வைக்கப்பட்டிருந்ததை மார்ச் 29 அன்று ஆந்த்ரெஸ் ஃபிராய்ண்ட் வெளிப்படுத்தினார். தொலைநிலை உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று துருவிக்கொண்டே போனவர் அவர். கதவை வைத்தவர் "ஜியா டான்" என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல வேலையைப் பொறுமையாகச் செய்துகொடுத்து, பராமரிப்பாளருக்குத் துணைவராக உயர்ந்தவர். முகத்தைக் கண்டவர் எவருமில்லை.

இது ஒப்பந்த வேலை இல்லை, தன்னார்வப் பணி. ஆனாலும் கேள்வி என்னைத்தான் குத்துகிறது. சிறு வேலையில் தொடங்கி, கேள்வி கேட்கிறாரா என்று பார்த்து, படிப்படியாக நம்பலாம் என்று இரண்டு வாரத்துக்கு முன் நான் எழுதிய வழியை, அந்த மனிதர் ஒவ்வொரு படியாக ஏறிவந்திருக்கிறார். யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

5 ஏப்ரல் 2024

யோசித்தேன். நல்ல வேலையின் நீண்ட வரலாறு, அடுத்த வேலையும் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க உதவும். அந்த ஆளுக்கு எல்லாக் கதவுகளின் சாவியையும் கொடுக்கலாம் என்பதற்கு அது காரணமாகாது. இந்த இரண்டையும் நான் மார்ச் 16 குறிப்பில் ஒன்றாகக் குழப்பியிருந்தேன்.

எக்ஸ்இசட்டில் கள்ளச்சரக்கு சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை எழுப்பிவிடும் பகுதி, எல்லாரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்காகக் கட்டிய தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது பொருள் திறந்து கிடக்கிறது என்று நான் நிம்மதியடைந்த அதே இடத்துக்குப் பக்கத்தில், திறக்கப்படாத ஓர் அறை இருந்தது. நேற்று எங்கள் ஏற்பாட்டைச் சரிபார்த்தேன். களஞ்சியம் எங்களிடம் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து மென்பொருளைக் கட்டி சர்வரில் ஏற்றும் வேலை ஒப்பந்ததாரரின் கணினியில்தான் நடக்கிறது. ஆறு ஆண்டுகளாக இது என் கண்ணில் படவில்லை. இந்த மாதம் அதை எங்கள் பக்கம் மாற்றுகிறோம். ஒப்பந்ததாரரிடம் காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. எங்கள் சர்வரில் ஏதாவது நடந்தால் தங்கள்மேல் பழி வராது என்று நிம்மதி அடைந்தார்.

இன்னொன்று. உங்கள் ஒப்பந்ததாரர் வேலையின் ஒரு பகுதியை வேறொருவரிடம் உள்ஒப்பந்தம் விட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். ஐரோப்பியர்களின் தனிப்பட்ட தரவு இதில் இருந்தால் அது வெறும் மரியாதைக் கேள்வியாக இருக்காது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள, ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, உங்கள் எழுத்துமூல அனுமதியில்லாமல் தரவைக் கையாளும் வேலையை இன்னொருவரிடம் அவர் கைமாற்ற முடியாது.

9 ஏப்ரல் 2024

இழையைத் தொடங்கியவருக்கு: களஞ்சியத்தைப் பார்க்க அனுமதி கேட்டு, ஒன்பது நாள் கழித்துப் பெற்றிருக்கிறீர்கள். ஏழு பேர் வேலை செய்வதாகச் சொன்னார்கள், பதிவுகளில் மூன்று பெயர்கள்தான் இருக்கின்றன, ஏமாற்றப்பட்டேனா என்று கேட்கிறீர்கள். நான் சொன்ன ஆள்மாற்றக் கதையை உங்கள் விவகாரத்தின் மேல் அப்படியே பொருத்தாதீர்கள். எங்கள் வாடிக்கையாளர் மணிக்கணக்கில் கொடுத்தார். நீங்கள் மொத்தத் தொகை பேசியிருக்கிறீர்கள். மூன்று பேர் செய்தாலும் முப்பது பேர் செய்தாலும் உங்களுக்குச் செலவு ஒன்றே. சோதனை செய்பவர்களின் பெயர் நிரல் பதிவுகளில் வராமலும் இருக்கலாம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இன்னொரு வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது: தானியங்கிச் சோதனைகளுக்கான கோப்புறை காலியாக இருக்கிறது, இரண்டாம் கட்ட அறிக்கையிலோ "சோதனை முடிந்தது" என்று பச்சை காட்டியிருக்கிறது. இதை அபராதக் கடிதமாக அனுப்பாதீர்கள். "அறிக்கையில் சொன்ன சோதனைகள் எங்கே இருக்கின்றன, நாங்கள் அவற்றை இயக்கிப் பார்க்க முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். கையால் சோதித்தோம், இதோ குறிப்பேடு என்று வந்தால் அது ஒரு பதில். செய்யவில்லை, மன்னிக்கவும் என்று வந்தால், அதை முந்தையதைவிட நல்ல பதிலாக எடுத்துக்கொள்வேன். மூன்று நாள் அமைதிக்குப் பிறகு கோப்புறை நிறைந்திருந்தால், கோப்புகள் சேர்க்கப்பட்ட தேதியைப் பாருங்கள்.

21 ஏப்ரல் 2024

மார்ச் 3 குறிப்பை எழுதிய பிறகு, அந்தப் பழைய வாடிக்கையாளர் தரப்பில் எங்களுடன் பேசிவந்த மேலாளரைத் தேடிப்பிடித்து, ஆள்மாற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் அனுப்பினேன். அவரும் அந்த நிறுவனத்தில் இப்போது இல்லை. நேற்று பதில் வந்தது.

கண்காணிப்பு மென்பொருளுக்கும் எங்கள்மேல் இருந்த சந்தேகத்துக்கும் தொடர்பே இல்லையாம். அவர்களுடைய தலைமையகம் எல்லா வெளி ஒப்பந்ததாரர்களுக்கும் ஒரே நாளில் போட்ட உத்தரவு அது. அவருக்கே பிடிக்கவில்லை, அதனால்தான் காரணம் எழுதாமல் அனுப்பினாராம். திட்டம் நின்றதும் அந்த ஆண்டு நிதி ஒதுக்கீடு வெட்டப்பட்டதால்தான். தரவுத்தளத் தவறுகளை அவர்கள் கண்டுபிடிக்கவே இல்லை. ஆக, பிப்ரவரி 15 அன்று அவர்கள்மேல் போட்ட பழியும் தவறு, மார்ச் 3 அன்று எங்கள்மேல் எடுத்துக்கொண்ட காரணமும் தவறு.

ஆள்மாற்றத்தை என் கடிதத்தைப் படித்துத்தான் அறிந்ததாகவும் எழுதியிருக்கிறார். கடைசி வரியில், மூன்றாம் மாதம் முதல் எட்டாம் மாதம் வரையிலான டைம்ஷீட்டுகளின் பிரதி என்னிடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை.